குமரன் காரும் ராயக்கோட்டை சாலைப் பட்டறையும்

குழு: நம் வீட்டு உறவுகள், கிருஷ்ணகிரி
ஞாயிற்றுக்கிழமை

[காலை 7:08] கோவிந்தன்: செந்தூரா மாம்பழப் பெட்டி யாருக்கு வேண்டும் என்று இன்று மாலைக்குள் சொல்லிவிடுங்கள். தோட்டத்தில் இந்த வாரத்தோடு முடிகிறது. பிறகு பெங்களூரா மட்டும்தான். அது கூழ் ஆலைக்குப் போகிறது.

[காலை 7:10] செல்வி: எனக்கு இரண்டு பெட்டி.

[காலை 7:15] குமரன்: எல்லோருக்கும் வணக்கம். ஹூஸ்டனில் இப்போது சனி இரவு. முருகேசன் மாமா, பட்டறைக்காரர் உங்களிடம் ஒரு தொழில் சந்தேகம். என் 1969 கமாரோ காரில் எஞ்சின் மாற்றியதைச் சொன்னேன் அல்லவா? முதல் கியரில் ஆக்சிலரேட்டரை அழுத்தினால் பின்பக்கம் தடதடவென்று குதிக்கிறது. கார் நகர்வதே இல்லை. பின் சஸ்பென்ஷனை மாற்றலாம் என்று இருக்கிறேன். நான்கு கம்பி அமைப்பு, லேடர் பார், கால்ட்ராக்ஸ் என்று பட்டியல் நீள்கிறது. எதை வாங்குவது?

[காலை 7:16] செல்வி: உன் அப்பா வயதுக் காரை வாங்காதே என்று அன்றே சொன்னேன்.

[காலை 7:22] முருகேசன்: பின்னால் என்ன ஸ்பிரிங்?

[காலை 7:22] குமரன்: பட்டை ஸ்பிரிங்தான் மாமா.

[காலை 7:23] முருகேசன்: அமெரிக்காக்காரன் காரிலும் பட்டையா! அப்படியானால் அது நம் பட்டறை வண்டிதான். வாங்குவதை அப்புறம் பார்க்கலாம். முதலில் நான் கேட்பதற்குப் பதில் சொல். தரையில் டயர் தடம் ஒன்று விழுகிறதா, இரண்டா? ஒரே கோடாக விழுகிறதா, விட்டு விட்டா?

[காலை 7:25] குமரன்: இரண்டு தடம். வலப்பக்கம் கறுப்பு அதிகம். இரண்டுமே விட்டு விட்டு.

[காலை 7:31] முருகேசன்: இரண்டு விழுகிறது என்றால் டிஃபரன்ஷியல் இரு சக்கரத்தையும் சேர்த்துத்தான் சுற்றுகிறது. அதில் கை வைக்காதே. விட்டு விட்டு விழுவதுதான் நோய். எஞ்சின் சக்கரத்தை முன்னோக்கித் திருப்பும்போது ஆக்சில் ஹவுசிங், அதாவது பின் அச்சின் கூடு, எதிர்ப்பக்கமாகச் சுழலப் பார்க்கும். ஷாஃப்ட் வந்து சேரும் பினியன் மூக்கு மேலே எழும். அதைப் பிடித்து நிறுத்த உன் காரில் பட்டையைத் தவிர வேறு ஒன்றும் கிடையாது. பட்டை நெளியும். டயர் பிடி விட்டதும் நெளிந்த பட்டை வெடுக்கென்று நிமிரும். நிமிர்ந்ததும் டயர் மறுபடி பிடிக்கும், மறுபடி நெளியும். ஒரு நொடிக்குள் இது பல முறை நடப்பதைத்தான் நீ குதிக்கிறது என்கிறாய்.

[காலை 7:33] முருகேசன்: பர்கூர்ப் பக்கம் கருங்கல் ஏற்றிய லாரியை மேட்டில் நிறுத்தி எடுக்கும்போது பக்கத்தில் நின்றால் இந்த நெளிவைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஆனால் அங்கே அடுக்கடுக்காகப் பிளேட் இருக்கிறது. உன் காரில் எத்தனை?

[காலை 7:34] குமரன்: ஐந்து. 1967இல் முதலில் வந்த கமாரோவுக்கு ஒற்றைப் பிளேட்தான். அது இன்னும் மோசமாகக் குதித்ததாம். அதனால்தான் 1968இல் ஷாக் அப்சார்பர்களில் ஒன்றை ஆக்சிலுக்கு முன்னும் மற்றதைப் பின்னும் வைத்தார்கள். சக்தி கூடிய மாடல்களுக்குப் பல பிளேட் கொடுத்தார்கள். என் காரிலும் ஷாக் அப்படித்தான் இருக்கிறது.

[காலை 7:36] முருகேசன்: கம்பெனிக்காரனுக்கே அப்போது தெரிந்துவிட்டது. எஞ்சின் எவ்வளவு?

[காலை 7:37] குமரன்: இந்த மாடலில் 5.7 லிட்டர் எஞ்சினுக்கு 300 குதிரைசக்தி என்று அன்று எழுதியிருந்தார்கள். நான் போட்டிருப்பது 6.2 லிட்டர் எல்எஸ்3. 430 குதிரைசக்தி, 576 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. முதல் கியர் விகிதம் 2.87, பின் ஆக்சில் விகிதம் 3.73.

[காலை 7:38] கோவிந்தன்: நான் ஓட்டிய பஸ்ஸுக்கு இதில் பாதி கிடையாது. ஐம்பது பேரை ஏற்றிக்கொண்டு தொப்பூர்க் கணவாய் ஏறியிருக்கிறேன்.

[காலை 7:41] யாழினி: குமரன் அண்ணா, பட்டையையே கழற்றி வீசிவிட்டு நான்கு கம்பி அமைப்பும் காயில் ஸ்பிரிங்கும் போடுங்கள். கம்பிகளின் கோணத்தை மாற்றி, பின்பக்கம் எவ்வளவு அமுங்க வேண்டும் என்பதை நாமே தீர்மானிக்கலாம். சுமை எல்லாம் பின்சக்கரத்துக்கு வந்துவிடும்.

[காலை 7:42] முருகேசன்: மூன்றாம் ஆண்டு மெக்கானிக்கல் பேசுகிறது!

[காலை 7:49] தமிழ்வாணன்: சுமை எல்லாம் வராது, யாழினி. கணக்குப் போட்டுப் பார். கார் 1,500 கிலோ, நிற்கும்போது பின்சக்கரங்களில் 44 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். 660 கிலோ. ஈர்ப்பு மையம் தரையிலிருந்து அரை மீட்டர். வீல்பேஸ் (முன், பின் சக்கர மையங்களுக்கு இடையே உள்ள தூரம்) 108 அங்குலம், அதாவது 2.74 மீட்டர். சாதாரண டயருக்கு உராய்வு எண் 0.9 என்றால், முடுக்கம் புவியீர்ப்பின் 0.47 மடங்குக்கு மேல் போகாது. அப்போது முன்னாலிருந்து பின்னால் மாறும் சுமை சுமார் 130 கிலோ. ஆக மொத்தம் 790. டயர் தரையைத் தள்ளக்கூடிய விசை 710 கிலோ.

[காலை 7:52] தமிழ்வாணன்: அவன் சொன்ன கியர் விகிதங்களைப் பெருக்கினால், வழியில் போகும் இழப்பைக் கழித்த பிறகும், முதல் கியரில் எஞ்சின் 1,600 கிலோ விசையைச் சக்கரத்துக்குக் கொடுக்கிறது. டயர் தாங்குவது அதில் பாதிகூட இல்லை. மாறும் சுமை எவ்வளவு என்பதை முடிவு செய்வது ஈர்ப்பு மையத்தின் உயரம், வீல்பேஸ், முடுக்கம் ஆகிய மூன்று மட்டுமே. பட்டை போட்டாலும் காயில் போட்டாலும் அந்த 130 ஏறத்தாழ 130தான்.

[காலை 7:54] யாழினி: அப்படியானால் சஸ்பென்ஷனை மாற்றிப் பயனே இல்லையா அப்பா?

[காலை 7:58] முருகேசன்: வாத்தியார் கணக்கு சரி. ஆனால் அது டயர் தரையில் உட்கார்ந்திருக்கும்போது போட்ட கணக்கு. குதிக்கிற டயருக்கு 790 ஏது? பாதி நேரம் பூஜ்யம், பாதி நேரம் இரட்டிப்பு. சுமையைச் சிந்தாமல் தரையில் வைத்திருப்பதும், எவ்வளவு வேகமாக அது வந்து இறங்குகிறது என்பதும்தான் சஸ்பென்ஷன் வேலை. குமரா, வண்டிக்கு அடியில் போய் ஆக்சில் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பு. பட்டையை ஆக்சிலோடு கட்டும் யு போல்ட் தெரிய வேண்டும்.

[காலை 8:06] குமரன்: 📷 படம்

[காலை 8:07] கோவிந்தன்: வெள்ளையும் சொள்ளையுமாக அடியில் படுத்தாயா?

[காலை 8:11] முருகேசன்: பட்டைக்கும் ஆக்சிலுக்கும் நடுவே அலுமினியக் கட்டை இருக்கிறதே, அதை யார் வைத்தது?

[காலை 8:12] குமரன்: முந்தைய உரிமையாளர். பின்பக்கம் இரண்டு அங்குலம் தாழ்ந்து அழகாகத் தெரிய வேண்டும் என்று வைத்திருக்கிறார்.

[காலை 8:16] முருகேசன்: இதோ அகப்பட்டது. இங்கே லாரியை உயர்த்தக் கட்டை வைப்பார்கள். அங்கே காரைத் தாழ்த்த வைக்கிறார்கள். எதற்கு வைத்தாலும் ஆக்சில் பட்டையிலிருந்து தள்ளிப் போகிறது. நெம்புகோல் நீளமாகிறது. அதே எஞ்சினுக்குப் பட்டை இன்னும் அதிகமாக நெளியும். வளைவு குறைவான புதுப் பட்டையை வாங்கிப் போட்டால் அதே உயரம் கிடைக்கும், கட்டை தேவையில்லை. பழைய பட்டையும் சோர்ந்துதான் போயிருக்கும். மெயின் பிளேட்டின் கீழே துரு வரி தெரிகிறது பார்.

[காலை 8:18] முருகேசன்: இன்னொன்று. லாரிக்கு முழு நீளத்துக்குச் சேசிஸ் இருக்கிறது. உன் காருக்கு?

[காலை 8:20] குமரன்: முன்பாதிக்கு மட்டும் தனிச் சட்டம், போல்ட் போட்டுப் பொருத்தியது. பின்பாதி பாடித் தகடேதான்.

[காலை 8:24] முருகேசன்: அப்படியானால் நான்கு கம்பி அமைப்பை மறந்துவிடு. கம்பி தள்ளும் இடம் வலுவாக இருக்க வேண்டும். தகட்டை வெட்டி, குறுக்குச் சட்டம் வெல்டிங் செய்து, பல ஆயிரம் டாலர் கொட்டி, கடைசியில் ஓடப்போவது வாரம் ஒரு நாள். முழுநேரப் பந்தய வண்டிக்கு அது சரி. லேடர் பாரும் அந்தக் குலம்தான். நேர்க்கோட்டில் பாயும், வளைவில் ஒரு சக்கரம் ஏறி மற்றது இறங்கும்போது விறைத்துக்கொள்ளும். முன்சட்டத்தையும் பின்தகட்டையும் நீளவாக்கில் இணைக்கும் சட்டம் கிடைக்கும். அதை மட்டும் போடு. எஞ்சின் முறுக்கும்போது பாடி சேர்ந்து முறுகாது.

[காலை 8:25] செல்வி: தம்பி சொல்வதைக் கேள். வெட்டுகிற வேலை வேண்டாம்.

[காலை 8:29] யாழினி: மாமா, கால்ட்ராக்ஸ் என்பதன் வரைபடம் பார்த்தேன். ஆக்சில் சுழலப் பார்க்கும் அதே விசை ஒரு குழாய் வழியாக முன்னோக்கி வருகிறது. பட்டையின் முன்கண் (முன்முனை வளையம்) அருகே இருக்கும் முக்கோணத் தகட்டைத் திருப்புகிறது. தகடு பட்டையின் முன்பாதியை மேலிருந்து அழுத்துகிறது. நெளிய வேண்டிய பட்டையை நெளிவிக்கும் விசையே தடுக்கிறது! வெட்டும் வேண்டாம், வெல்டிங்கும் வேண்டாம்.

[காலை 8:33] முருகேசன்: கெட்டிக்காரன் யோசனை. இதைவிட மலிவாக, பட்டைக்குக் கீழே சேர்த்துக் கட்டும் தடியும் உண்டு. முனையில் ரப்பர் இருக்கும். ஆக்சில் திரும்பினால் ரப்பர் முன்கண்ணில் முட்டி நின்றுவிடும். பழைய வழி, கெட்ட வழி இல்லை. ஆனால் கீழே தொங்கும். ஏற்கெனவே தாழ்ந்த காருக்கு அது வேகத்தடையில் இடிக்கும். யாழினி சொன்னதே உனக்கு ஏற்றது.

[காலை 8:35] குமரன்: வலப்பக்க டயர் ஏன் அதிகம் வழுக்குகிறது மாமா?

[காலை 8:38] தமிழ்வாணன்: இதற்கு நான் சொல்கிறேன். எஞ்சின் விசையைப் பின் ஆக்சிலுக்குக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்ட், பின்னாலிருந்து பார்த்தால் இடஞ்சுழியாகச் சுழல்கிறது. அந்த முறுக்கு ஆக்சிலின் இடப்பக்கத்தைத் தரையில் அழுத்தும், வலப்பக்கத்தைத் தூக்கும். 1960களில் கிறைஸ்லர்காரர்கள் பந்தயக் கார்களுக்கு வலப்பக்கப் பட்டையை மட்டும் கூடுதல் கடினமாகச் செய்தது இதனால்தான்.

[காலை 8:40] கோவிந்தன்: இவ்வளவு எதற்கு? டிக்கியில் இரண்டு மூட்டை மணலைப் போடு. வலப்பக்கமாகப் போடு. மழைக்காலத்தில் காலி வண்டி ஓட்டுகிறவர்கள் எல்லாம் செய்வதுதான்.

[காலை 8:41] யாழினி: 😂

[காலை 8:44] முருகேசன்: சிரிக்காதே. மாமா சொல்வதில் பாதி சரி. மணலைச் சேர்த்தால் அதையும் இழுத்துக்கொண்டு ஓட வேண்டும். அதற்குப் பதில் பேட்டரியை முன்னாலிருந்து எடுத்து டிக்கியின் வலப்பக்கம் வை. மொத்த எடை கூடாது, முன்னால் குறைந்து பின்னால் ஏறும். கேபிள் மட்டும் தடிமனாகப் போடு. பேட்டரிக்கு அருகிலேயே ஃபியூஸ் வை.

[காலை 8:45] கோவிந்தன்: பாதி சரி என்றான் பார்த்தாயா.

[காலை 8:50] தமிழ்வாணன்: டயரை யாரும் பேசவில்லையே. உராய்வு எண் 0.9 என்பது 1.3 ஆனால், முடுக்கம் 0.47இலிருந்து 0.75க்கு ஏறுகிறது. வேறு எந்தப் பாகமும் இந்தப் பாய்ச்சலைத் தராது. குமரன் என்ன டயர் வைத்திருக்கிறான்?

[காலை 8:52] குமரன்: சாதாரண ரேடியல். ட்ராக் (drag) ரேடியல், அதாவது நேர்க்கோட்டுப் பந்தய டயர், வாங்க நினைத்தேன். மழையில் வழுக்கும் என்கிறார்கள். ஹூஸ்டனில் மழை கொட்டும்.

[காலை 8:53] செல்வி: வழுக்குகிற டயர் வேண்டவே வேண்டாம்.

[காலை 8:57] முருகேசன்: அக்கா சொல்வது நியாயம். அந்த டயரைத் தனி ரிம்மில் மாட்டி வைத்துக்கொள். பந்தயத் திடலில் மாற்றிக்கொள். தெருவுக்கு இப்போது இருப்பதே போதும், காலை மெதுவாக அழுத்து. அப்புறம் ஷாக். பின்னால் இறுக்கத்தைத் திருகி மாற்றுகிற ஷாக் வாங்கு. கால்ட்ராக்ஸைப் போட்ட பிறகு கார் கிளம்பும்போது பின்பக்கம் அமுங்காது, எழும்பும். சட்டென்று எழும்பினால் டயரில் அடி பலமாக விழுந்து உடனே விட்டுவிடும். ஷாக்கின் நீளும் பக்கத்தை இறுக்கினால் அந்த எழுச்சி நிதானப்படும்.

[காலை 8:58] குமரன்: முன்னால் 90/10 ஷாக் போடச் சொல்கிறார்களே?

[காலை 9:01] முருகேசன்: அது முன்பக்கத்தை எளிதாக எழவிடும், மெதுவாகத்தான் இறங்கவிடும். ஏர் உழும் டிராக்டர் மூக்கைத் தூக்குவதைப் போல. திடலுக்குச் சரி. சாலையில் ஒரு பள்ளத்தில் விழுந்தால் ஊஞ்சலாடும், பிரேக்கும் ஸ்டியரிங்கும் உன் பேச்சைக் கேட்காது. வேண்டாம்.

[காலை 9:03] யாழினி: அப்பா, நம் காரிலும் இப்படி ஏதாவது செய்யலாமா?

[காலை 9:05] தமிழ்வாணன்: முடியாது. தயாரிப்பாளர் கொடுத்த மூல விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று 2019இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நீ முதலில் கிளட்ச்சை விடப் பழகு.

[காலை 9:06] யாழினி: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

[காலை 9:10] குமரன்: மாமா, பினியன் கோணம் எவ்வளவு வைப்பது? இப்போது அளந்தேன். ஷாஃப்ட்டுக்கும் பினியனுக்கும் நடுவே கோணமே இல்லை, நேராக இருக்கிறது.

[காலை 9:15] முருகேசன்: நிற்கும்போது நேராக இருந்தால் ஓடும்போது மூக்கு மேலே போயிருக்கும். ஷாஃப்ட் மூட்டில் இருக்கும் கிராஸ் சீக்கிரம் தேய்வது அதனால்தான். மூக்கு இரண்டு மூன்று டிகிரி கீழே பார்க்கட்டும். பட்டைக்கும் ஆக்சிலுக்கும் நடுவே வைக்கும் ஆப்புத் தகடு கிடைக்கும். கட்டையை எடுத்துவிட்டுப் புதுப் பட்டை போட்ட பிறகு, வண்டி தரையில் நிற்கும்போது அள. ஜாக்கியில் தொங்கவிட்டு அளந்தால் தப்பாக வரும்.

[காலை 9:16] குமரன்: பட்டையின் கண்களுக்குள் ரப்பர் புஷ்ஷா, பாலியூரித்தேனா?

[காலை 9:18] முருகேசன்: முன்கண்ணுக்குப் பாலி. அங்கேதான் தள்ளு விழுகிறது. பின்னால் பட்டையைப் பாடியோடு இணைக்கும் ஷேக்கிளுக்கு ரப்பர் இருக்கட்டும், வளைவில் கொஞ்சம் திரும்பிக் கொடுக்கும். பாலிக்குக் கிரீஸ் வைக்க மறந்தால் காக்கை மாதிரி கத்தும்.

[காலை 9:24] குமரன்: அப்படியானால் புதுப் பட்டை, கால்ட்ராக்ஸ், பின் ஷாக், சட்ட இணைப்பு. டயர் தனி ரிம்மில். நான்கு கம்பிக்கு ஒதுக்கிய பணத்தில் பாதி மிச்சம். இப்போது முதல் 60 அடியைக் கடக்க 2.2 நொடி ஆகிறது. திடல் டயரோடு அது 1.8க்கு வந்தால் போதும்.

[காலை 9:26] செல்வி: மிச்சப் பணத்தில் ஊருக்கு டிக்கெட் போடு.

[காலை 9:29] முருகேசன்: யு போல்ட்டைப் பழையதையே திரும்ப மாட்டாதே. ஒரு முறை இறுக்கியது நீண்டிருக்கும். கட்டை போய்விட்டால் நீளமும் சரிவராது. புதிது வாங்கு. நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மறுபடி டார்க் வைத்து இறுக்கு. சென்டர் போல்ட் தலை ஆக்சில் குழியில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று விரலை விட்டுத் தடவிப் பார்.

[காலை 9:31] குமரன்: யு போல்ட்டும் சேர்த்து ஆர்டர் போட்டுவிட்டேன் மாமா. அரை அங்குலம்.

[காலை 9:32] கோவிந்தன்: செந்தூரா இன்னும் நான்கு பெட்டிதான் இருக்கிறது.