கீழாநெல்லி போதுமா, ரத்தம் கொடுத்துப் பார்க்க வேண்டுமா?

திண்ணைப்பூனை
என் தம்பிக்கு 24 வயது. நாலு நாள் காய்ச்சல், குமட்டல். நேற்று காலையில் கண் மஞ்சள், சிறுநீர் கடுங்காப்பி நிறம். அம்மா கொல்லையில் இருந்த கீழாநெல்லியை வேரோடு பிடுங்கி அரைத்து, நெல்லிக்காய் அளவு உருட்டி மோரில் கலக்கி வெறும் வயிற்றில் கொடுத்துவிட்டார். உப்பு, எண்ணெய், புளி மூன்றும் நிறுத்தியாயிற்று. "காமாலைக்கு ஆஸ்பத்திரியில் மருந்தே கிடையாது" என்கிறார் அப்பா. அது உண்மையா? ஒரு வாரம் இப்படியே கொடுத்துப் பார்க்கலாமா?

வேம்படி
தாராளமாகக் கொடுக்கலாம். எங்கள் வீட்டில் மூன்று பேருக்குக் காமாலை வந்தது, மூன்று பேருக்கும் கீழாநெல்லிதான். இரண்டு வாரத்தில் கண் வெளுத்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போனால் குளுக்கோஸ் ஏற்றி பில் கொடுப்பார்கள், அவ்வளவுதான்.

இதைப் பாட்டி வைத்தியம் என்று ஒதுக்குகிறவர்களுக்காக ஒன்று சொல்கிறேன். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டுபிடித்து 1976-இல் நோபல் பரிசு வாங்கிய பிளம்பெர்க் இதே செடியைத் தன் ஆய்வுக்கூடத்தில் சோதித்தார். 1988-இல் சென்னை ஆய்வாளர்கள் அவரோடு சேர்ந்து லான்செட் மருத்துவ இதழில் முடிவை வெளியிட்டார்கள். 30 நாள் கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேர் ரத்தத்தில் வைரஸின் அடையாளம் காணாமல் போனது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மருந்துச் சத்தில்லாத போலி மருந்து சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டும்தான் போனது. இது எங்கள் பாட்டி சொன்ன கணக்கு இல்லை.

சோதனைக்குழாய்
நான் பதினெட்டு வருடமாக ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். வேம்படி சொன்ன ஆய்வு நிஜம், எண்களும் சரி. ஆனால் கதையைப் பாதியில் நிறுத்திவிட்டார். அந்த ஆய்வில் சேர்ந்தவர்கள் 78 பேர், கணக்கில் வந்தவர்கள் 60 பேர். தாய்லாந்திலும் நியூசிலாந்திலும் அதே மாதிரி செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. 2011-இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் குழு எல்லா ஆய்வுகளையும் சேர்த்து அலசி, நம்பும்படியான ஆதாரம் இல்லை என்று எழுதியது.

அதைவிட முக்கியம், அந்த ஆய்வு நாள்பட்ட ஹெபடைடிஸ் பி உள்ளவர்களைப் பற்றியது. தம்பிக்கு இருப்பது திடீர்க் காமாலை. இதற்கு அதைச் சாட்சிக்கு அழைக்க முடியாது.

உங்கள் வீட்டு மூன்று பேருக்கு வந்தது எந்தக் காமாலை, ஐயா? ரத்தம் கொடுத்துப் பார்த்தீர்களா?

வேம்படி
பார்க்கவில்லை. குணமான பிறகு எதற்குப் பார்க்க வேண்டும்?

சோதனைக்குழாய்
அதற்காகத்தான் கேட்டேன். மஞ்சள் என்பது அறிகுறி, நோயின் பெயர் இல்லை. அசுத்தத் தண்ணீரில் பரவும் ஹெபடைடிஸ் ஏ வந்தால் பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானாகவே சரியாகிவிடும். கீழாநெல்லி குடித்தாலும் சரி, வெறும் மோர் குடித்தாலும் சரி. சரியாகிற நேரத்தில் யார் எதைக் கொடுத்திருந்தாலும் பேர் அவருக்குத்தான். ஹெபடைடிஸ் பி-யே கூட, பெரியவர்களுக்குப் புதிதாக வந்தால் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் உடம்பே விரட்டிவிடும்.

எலிக்காய்ச்சலிலும் கண் மஞ்சளாகும். பித்தப்பைக் கல் குழாயை அடைத்தாலும் ஆகும். கணையத்தில் கட்டி இருந்தாலும் ஆகும். இவற்றுக்கெல்லாம் ஒரே உருண்டையா?

கடலூர்_செவிலி
தம்பி திண்ணைப்பூனை, மலம் வெளுத்து சாம்பல் மாதிரி போகிறதா? உடம்பெல்லாம் அரிப்பு இருக்கிறதா? எனக்குத் தெரிந்த ஒரு பெரியவருக்கு இரண்டும் இருந்தன. "மந்திரித்து, கையில் சுண்ணாம்பு தேய்த்து, தண்ணீரில் மஞ்சளாக இறக்குகிறேன்" என்ற ஒருவரிடம் இரண்டு மாதம் போனார். ஸ்கேன் எடுத்தபோது கணையத்தில் கட்டி. (சில மரப்பட்டைச் சாறு பட்ட கையில் சுண்ணாம்பு தேய்த்தால் தண்ணீர் மஞ்சளாகத்தான் ஓடும், உடம்பிலிருந்து எதுவும் இறங்குவதில்லை.)

வீட்டில் கர்ப்பிணி யாராவது இருக்கிறார்களா? ஹெபடைடிஸ் ஈ அவர்களுக்கு உயிராபத்து. அதுவும் தண்ணீரில் வருவதுதான்.

வேம்படி
சுண்ணாம்புக்காரனையும் சித்த மருத்துவத்தையும் ஒரே கூடையில் போடாதீர்கள் அக்கா. தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த நிறுவனமே இருக்கிறது. அங்கேயும் ரத்தம் எடுத்துப் பார்த்துத்தான் மருந்து கொடுக்கிறார்கள். சர்ப்பகந்தி வேரை நம் வைத்தியர்கள் காலங்காலமாகக் கொடுத்தார்கள். மும்பை டாக்டர் வக்கீல் 1949-இல் அதை ரத்தக் கொதிப்புக்குக் கொடுத்துப் பார்த்து இங்கிலாந்து இதழில் எழுதிய பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. நாளை கீழாநெல்லிக்கும் அந்த நாள் வரும்.

சோதனைக்குழாய்
வரட்டும், முதல் ஆளாக நானே கை தட்டுகிறேன். சர்ப்பகந்தி சோதனையில் தேறியது. கீழாநெல்லி இதுவரை தேறவில்லை. செடிமேல் எனக்கு என்ன பகை?

களைக்கொத்தி
நடுவில் ஒரு விவசாயி. கீழாநெல்லி என்று பிடுங்குகிறவர்களில் பாதிப் பேருக்கு அது எது என்றே தெரியாது. இலைக்கு அடியில் காய் வரிசையாக இருந்தால் போதும் என்று நினைக்கிறார்கள். சிவப்புத் தண்டு உள்ளதும் அப்படித்தான் இருக்கும், அது வேறு இனம். காய்ந்த மூட்டையாக வாங்கினால் கேட்கவே வேண்டாம். அப்புறம், வரப்பில் பிடுங்கினால் அதன்மேல் நாங்கள் அடித்த களைக்கொல்லியும் சேர்ந்து வரும். நானே அடித்திருக்கிறேன்.

சோதனைக்குழாய்
இதுதான் எனக்கும் பயம். கொரோனா காலத்தில் எதிர்ப்புச் சக்திக்கென்று சீந்தில் சாப்பிட்ட ஆறு பேருக்குக் கல்லீரல் பாதித்ததாக 2021-இல் மும்பை மருத்துவர்கள் எழுதினார்கள். ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்தது, வேறு கொடியைச் சீந்தில் என்று நினைத்திருக்கலாம் என்றது. சரி, அப்படியே இருக்கட்டும். கல்லீரல் ஏற்கெனவே வீங்கியிருக்கும் நேரத்தில் அப்படி ஒரு தவறைத் தாங்குமா?

வேம்படி
செடியைச் சரியாக அடையாளம் காண வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. பரிசோதனை வேண்டாம் என்றும் நான் சொல்லவில்லை. இரண்டும் நடக்கட்டுமே.

கடலூர்_செவிலி
முதலில் "தாராளமாகக் கொடுக்கலாம்" என்றுதானே எழுதினீர்கள்? பரிசோதனை என்ற வார்த்தையே அதில் இல்லையே.

திண்ணைப்பூனை, இன்றே கூட்டிப் போங்கள். அரசு மருத்துவமனையிலேயே எல்லாம் பார்க்கலாம். பிலிருபின் (ரத்தத்தில் மஞ்சள் நிறமியின் அளவு) மட்டும் போதாது, ரத்தம் உறையும் நேரத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். பேச்சு குழறினாலோ, பகலெல்லாம் தூங்கி வழிந்தாலோ, பல் ஈறில் ரத்தம் கசிந்தாலோ ஒரு மணி நேரம் கூடக் காத்திருக்காதீர்கள். காய்ச்சலுக்கு நீங்களாகப் பாராசிட்டமால் கொடுக்க வேண்டாம், அதுவும் கல்லீரலைத்தான் பிடிக்கும்.

திண்ணைப்பூனை
கர்ப்பிணி யாரும் இல்லை, மலமும் வெளுக்கவில்லை. போய் வந்தோம். ஹெபடைடிஸ் ஏ. பிலிருபின் 7.8, ரத்தம் உறையும் நேரம் சரியாக இருக்கிறது. ஹெபடைடிஸ் பி இல்லை. தம்பி தங்கியிருக்கும் விடுதியில் இன்னும் இரண்டு பேருக்குக் கண் மஞ்சளாம், டாங்கித் தண்ணீரை எடுத்துப் போயிருக்கிறார்கள். டாக்டர் ஓய்வு எடுத்து எல்லாம் சாப்பிடச் சொன்னார், கீழாநெல்லியை நிறுத்தச் சொன்னார். அம்மா தலையாட்டினார். ஆனால் இன்று காலையும் அம்மியில் சத்தம் கேட்டது.

வேம்படி
தம்பிக்குச் சரியானதும் அம்மாவிடம் கேட்டு எழுதுங்கள், எதனால் சரியானது என்று :)

சோதனைக்குழாய்
என்ன சொல்வார் என்று எனக்கே தெரியும். சாப்பாட்டில் உப்பையாவது போடச் சொல்லுங்கள்.