பெரிய வீட்டுப் பசங்க குழு: டர்ட்டில் எவ்வளவு தோண்டியிருக்கு?

கவின்: அக்கா, மைன்கிராஃப்ட் சர்வர்ல நம்ம டர்ட்டில் (கம்ப்யூட்டர்கிராஃப்ட் மாட்ல வர்ற, தானா தோண்டற ரோபோ) ஸ்கிரிப்டுக்கு ப்ராக்ரஸ் ரிப்போர்ட் எழுதறேன். உயரம் ஒய் -49ல ஆரம்பிச்சு கீழ 10 அடுக்கு, ஒவ்வொண்ணும் 16×16. தோண்டின பிளாக்கை எண்ணி 2560ஆல வகுத்தா சதவீதம் வந்துடும்ல?

நித்யா: வராதுடா. தோண்டினதை எண்ணாதே, நகர்ந்ததை எண்ணு. மேல் அடுக்குல கூரைல கிராவல் (சரளைக்கல்) இருந்தா ஒரே கட்டத்துல நாலஞ்சு தடவை விழும், அத்தனையும் கணக்குல ஏறிடும். குகை வந்தா தோண்ட ஒண்ணுமே இருக்காது, கணக்கு அங்கேயே நின்னுடும். முன்னால நகர்த்தற ஃபார்வேர்டோ, அடுத்த அடுக்குக்கு இறக்கற டவுனோ ட்ரூன்னு பதில் சொன்னா மட்டும் ஒண்ணு கூட்டு. தோண்டினதைப் பெட்டில கொட்டப் போய்வர்ற அடி (ஒரு அடின்னா ஒரு கட்டம்) இதுல சேரக்கூடாது.

நித்யா: ஃபால்ஸ் வந்தா கூடவே காரணமும் வரும். அதை ரிப்போர்ட்ல தனி வரியாப் போடு. வழி அடைச்சிருக்கா, எரிபொருள் தீந்துச்சான்னு பார்த்த உடனே தெரியும்.

செந்தில் மாமா: எரிபொருள் மீதியும் காட்டு மாப்ள. ஒரு நிலக்கரிக்கு 80 அடி. 2560க்கு சரியா 32 ஆகுது, ஆனா பெட்டிக்குப் போய்வரணும்ல, 45 போட்டு அனுப்பு. ஒண்ணு கவனி: சர்வர் செட்டிங்ல எரிபொருளையே அணைச்சு வெச்சிருந்தா எண்ணுக்குப் பதிலா அன்லிமிடெட்னு எழுத்தா வரும். அதை எண்ணோட ஒப்பிட்டா ஸ்கிரிப்ட் அங்கேயே எர்ரர் அடிச்சு நின்னுடும். முதல்ல அது எண்ணான்னு பார்த்துக்கோ.

கவின்: சரிங்க மாமா. முடிய இன்னும் எவ்வளவு நேரம்னு காட்ட, கம்ப்யூட்டர் ஓடின நேரத்தைச் சொல்ற ஓஎஸ்.க்ளாக் போதுமா?

நித்யா: ரீபூட் ஆனா அது சைபர்ல இருந்து ஆரம்பிக்கும். ஓஎஸ்.எபாக் எடு, உள்ள யுடிசின்னு கட்டாயம் கொடு, அதான் நிஜ உலக நேரம். சும்மா விட்டா விளையாட்டு நேரம் வரும். அங்க ஒரு நாள்ங்கறது நமக்கு 20 நிமிஷம், 72 மடங்கு வேகம். தோண்ட 0.4 வினாடி, நகர 0.4 வினாடின்னு வெச்சா உன் வேலை 34 நிமிஷம். அதை 40 மணி நேரத்துக்கு மேல காட்டும்.

நித்யா: சர்வர் லேக் ஆனா அந்த 34ம் நீளும். அதனால நிலையான எண்ணைப் போடாதே, இதுவரை ஆன நேரத்தை முடிஞ்ச கட்டத்தால வகுத்து மீதியால பெருக்கு. முதல் வரிசை முடியற வரைக்கும் அந்த வரியைக் காலியா விடு.

கவின்: திரைல மீதி 990ன்னு வருதே? 99 தான வரணும்?

செந்தில் மாமா: முன்னாடி இருந்த 100ஓட கடைசி சைபர் அழியாம நிக்குது. கர்சரை வரிக்குக் கொண்டு போனதும் வரியை அழிக்கற க்ளியர்லைன் கொடு, அப்புறம் எழுது. பிரிண்ட் போட்டா 13 வரித் திரை சீக்கிரமே ஓடிடும். லேபிளை இங்கிலீஷ்லயே வை, அந்த ஃபான்ட்ல தமிழ் வராது.

கவின்: ரிப்போர்ட்டை விளையாட்டுல கையில வெச்சிருக்கற பாக்கெட் கம்ப்யூட்டருக்கு ரெட்நெட்ல (மோடம் வழியா செய்தி அனுப்பற வசதி) அனுப்பறேன், வீட்ல இருந்தா வர மாட்டேங்குது.

நித்யா: வீடு ஒய் 70ல இருக்கு, டர்ட்டில் -49ல. நேர் கீழன்னாலே 119 பிளாக். சாதா வயர்லெஸ் மோடம் 64 வரைக்கும் தான். தங்கக் கட்டி 8, நடுவுல எண்டர் ஐ ஒண்ணு வெச்சு, தூர வரம்பே இல்லாத எண்டர் மோடம் செய். டர்ட்டில்ல ஒரு பக்கம் பிக்காக்ஸ், மறு பக்கம் அது. ஒவ்வொரு அடிக்கும் அனுப்பாதே, வரிசைக்கு ஒரு தடவை போதும்.

செந்தில் மாமா: பக்கத்துல ஆள் இல்லாம சங்க் (டர்ட்டில் நிக்கற 16×16 நிலத்துண்டு) அன்லோட் ஆனா?

நித்யா: டர்ட்டில் அணைஞ்சுடும் மாமா, திரும்ப லோட் ஆனதும் ஸ்டார்ட்அப் ஃபைல்ல இருந்து ஓடும். அதனால கணக்கு ஃபைல்ல இருக்கணும். கவின், இதை நல்லா கவனி. நகர்றதுக்கு முன்னாடியே "முன்னால ஒரு அடி, எரிபொருள் 1840"ன்னு எழுதி ஃபைலை க்ளோஸ் பண்ணு. க்ளோஸ் பண்ணலேன்னா எழுதினது ஃபைல்ல ஏறாமப் போகலாம். எழுந்ததும் எரிபொருளைப் பாரு. 1840ன்னா அடி வைக்கல. 1839ன்னா வெச்சாச்சு, ஒண்ணு கூட்டு. 1840க்கு மேல இருந்தா சர்வர் கிராஷ் ஆகி உலகம் பழைய சேவுக்குப் போயிருக்கு, ஃபைல் மட்டும் முன்னாடி நிக்குது. அப்ப தோண்டாம செய்தி அனுப்பிட்டு நிக்கட்டும். நிலக்கரி போட்ட உடனே ஃபைலைப் புதுசா எழுதிடு, இல்லேன்னா இந்தச் சோதனையே தப்பாகிடும்.

கவின்: திரும்பறப்போ எரிபொருள் குறையாதேக்கா?

நித்யா: குறையாது. 10 அடுக்குக்கும் சேர்த்து 300 சொச்சம் திரும்பல்தான், 2560 அடியோட பார்த்தா சரியா திரும்பறப்போ அணையற வாய்ப்பு கம்மி. ஆனாலும் கடைசியா எழுதினது திரும்பல்னா ஊகிக்காதே. ரிப்போர்ட்ல "திசை தெரியல"ன்னு போட்டு நிறுத்து.

செந்தில் மாமா: விளையாட்டுக்குள்ள இடத்தைச் சொல்ற ஜிபிஎஸ்ஸுக்கு நாலு கம்ப்யூட்டர் வெச்சுட்டா அந்தத் திசைச் சிக்கலும் தீரும் மாப்ள. ஒரு அடி வெச்சு, முன்ன இருந்த இடத்தையும் இப்ப இருக்கற இடத்தையும் கழிச்சுப் பாரு, எந்தப் பக்கம் பார்க்குதுன்னு வந்துடும். நாலும் ஒரே மட்டத்துல வேண்டாம், ஒண்ணை உயரத் தூக்கி வை. அதுக்கும் எண்டர் மோடம் தான் போடணும்.