டயர் காற்று: கதவு ஸ்டிக்கரில் 33, டயரில் 51. எதை நம்புவது?

கேள்வி:
நண்பர்களே, ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரிகிற ஸ்டிக்கரில் 33 பிஎஸ்ஐ, முழு பாரம் என்றால் பின் சக்கரங்களுக்கு 39 என்று போட்டிருக்கிறது. டயரின் பக்கவாட்டில் 'அதிகபட்சம் 51'. காற்றுப் பிடிக்கிற இடத்திலோ கேட்காமலே நாலுக்கும் 40 வைக்கிறார்கள். நேற்று 33 வைத்துக் கிளம்பினேன். நெடுஞ்சாலையில் ஓட்டி நிறுத்தியதும் 37 காட்டியது. கூடின நாலை இறக்கிவிடலாமா?

பதில் 1:
வெயில் காலத்தில் இரண்டு மூன்று குறைத்தே வையுங்கள். சூட்டில் காற்று விரிந்து டயர் வெடித்துவிடும்.

பதில் 2:
மேலே சொன்னதை தயவுசெய்து செய்யாதீர்கள். டயர் வெடிப்பது பெரும்பாலும் காற்று குறைவதால்தான். குறைந்த காற்றில் சக்கரம் சுற்றும் ஒவ்வொரு முறையும் பக்கச்சுவர் மடங்கி மடங்கி நிமிரும். சூடு அங்கேதான் பிறக்கிறது. வேகமும் பாரமும் சேர்ந்தால் உள்ளே இருக்கும் இழைகள் ரப்பரை விட்டுப் பிரியும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது.

ஸ்டிக்கரில் இருப்பது குளிர்ந்த டயருக்கான அளவு. அதாவது வண்டி குறைந்தது மூன்று மணி நேரம் நின்ற பிறகு, காலையில் கிளம்பும் முன் அளப்பது. ஓடும்போது நாலு ஐந்து ஏறும் என்று கணக்குப் போட்டுத்தான் அந்த எண்ணைக் கொடுக்கிறார்கள். சூட்டில் 37-ஐ 33 ஆக்கினால், ஆறியதும் 29-க்குப் போய்விடும். அதனால் இறக்கவே வேண்டாம்.

51 என்பது அந்த டயர் தாங்கும் உச்சம். அதே டயர் எடை வேறான பல கார்களுக்குப் போகும், உங்கள் காரைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது. நாலுக்கும் 40 வைத்தால் நடுப்பகுதி மட்டும் தரையைப் பிடிக்கும், ஈரச் சாலையில் பிரேக் சரியாக நிற்காது, குழியெல்லாம் இடுப்பில் தெரியும். குடும்பத்தோடு பெட்டி படுக்கையை ஏற்றிப் போகும்போது மட்டும் பின்னால் 39 வையுங்கள், திரும்பி வந்ததும் 33. சொந்தமாக ஒரு அளவுமானி வாங்கிக்கொள்வது நல்லது.

கேள்வி கேட்டவர்:
நன்றி அண்ணா, இறக்கவில்லை. இன்று காலை குளிர்ந்த நிலையில் மூன்று சக்கரம் 33, முன் இடது மட்டும் 28. நைட்ரஜன் போட்டால் சரியாகுமா?

பதில் 2:
சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். கசிவை அது அடைக்காது. ஒரு டயர் மட்டும் குறைந்தால் முதலில் வால்வைப் பாருங்கள். மூடியைக் கழற்றி, சோப்புத் தண்ணீர் ஒரு சொட்டு வால்வின் வாயில் விடுங்கள். குமிழி மெதுவாக ஊதிக்கொண்டே வந்தால் உள்ளே இருக்கும் வால்வு ஊசி தளர்ந்திருக்கிறது, அதை மாற்றுவது சின்ன வேலை. குமிழி வரவில்லையென்றால் 33 நிரப்பி, டயரின் மேற்பரப்பு முழுக்க அதே தண்ணீரைத் தடவுங்கள். ஆணி குத்தியிருந்தாலும் அது பொத்தினாற்போல் நின்று கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விடும், நீங்களாகப் பிடுங்கிவிடாதீர்கள். அப்படியே ஸ்டெப்னியையும் அளந்துவிடுங்கள். அளவில் சிறிய ஸ்டெப்னி என்றால் அதற்கு 60 வரை கேட்கும், அதன் மேலேயே எழுதியிருக்கும்.