பேர்ல் ஜாமின் 'நோ கோட்': தாண்டிப் போய்விடலாமா?

புதுக்காது:
அமெரிக்க ராக் குழு பேர்ல் ஜாமின் ஆல்பங்களை 'டென்', 'வெர்சஸ்', 'வைட்டாலஜி' என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டு வந்தேன். 1996இல் வந்த 'நோ கோட்'டில் முட்டிக்கொண்டு நிற்கிறேன். முதல் பாட்டு முணுமுணுப்பு, அடுத்தது காட்டுக்கத்தல், மூன்றாவது ஏதோ வழிபாட்டுப் பாட்டு மாதிரி. இதோடுதான் இவர்கள் சரிந்தார்கள் என்கிறார்களே, நிஜமா? நேராக அடுத்த ஆல்பமான 'யீல்ட்' போய்விடவா?

கணக்குப்பிள்ளை:
விற்பனையில் சரிவுதான். 1993இல் 'வெர்சஸ்' முதல் ஐந்து நாளில் 9.5 லட்சம் போனது. 'நோ கோட்' முதல் வாரத்தில் 4 லட்சத்தைக்கூடத் தொடவில்லை (அப்படியும் அமெரிக்க விற்பனைப் பட்டியலான பில்போர்டில் முதலிடம்!). டிக்கெட் விற்கும் நிறுவனமான டிக்கெட்மாஸ்டரோடு மல்லுக்கு நின்று அமெரிக்காவில் ஊர் ஊராகப் பாடவும் வழியில்லாமல் போனது. அப்புறம் நீங்கள் சொன்ன அந்த வழிபாட்டுப் பாட்டு 'ஹூ யூ ஆர்'ஐ முதல் சிங்கிளாக (தனிப்பாட்டாக) விட்டால் வேறென்ன நடக்கும்?

தோல்பறை:
கணக்குப்பிள்ளை சொல்வது சரி, ஆனால் கிடார் பக்கம் காது வைத்தால் இந்த ஆல்பம் பிடிபடாது. டிரம்ஸைப் பிடித்துக்கொண்டு போங்கள். டிரம்மர் ஜாக் அயர்ன்ஸ் முழுதாக வாசித்த முதல் பேர்ல் ஜாம் ஆல்பம் இது. 1990இல் பாடகரைத் தேடி சியாட்டிலிலிருந்து இவர்கள் அனுப்பிய டெமோ கேசட்டை, பிறகு குழுவின் பாடகரான எடி வெட்டரிடம் கொடுத்ததே இந்த மனிதர்தான்.

'இன் மை ட்ரீ' கேளுங்கள். வழக்கமான ராக் தாளம் கிடையாது. டாம்கள் (தாழ்ந்த ஒலி தரும் டிரம்கள்) மேலும் கீழும் உருண்டுகொண்டே இருக்கும், குரல் அதன்மேல் மிதக்கும். 'ஹூ யூ ஆர்'இலும் அதே ஆள்தான் வண்டியை இழுக்கிறார். அப்புறம் 'பிரசன்ட் டென்ஸ்': ஒற்றைக் கிடாரில் தயங்கித் தயங்கித் தொடங்கி, கடைசியில் எல்லோரும் சேர்ந்து பொங்குவார்கள். 'டென்' காலத்தில் இதை எடுத்த எடுப்பிலேயே முழங்கியிருப்பார்கள்.

அந்த நேரத்தில் குழுவுக்குள் நிலைமை சுமுகமில்லை. சிகாகோவில் ஒலிப்பதிவு தொடங்கியதே பேஸ் வாசிக்கும் ஜெஃப் அமெண்டுக்கு முதலில் தெரியாது. அந்தக் கோணல்மாணல்தான் ஆல்பத்திலும் கேட்கிறது, மறுக்கவில்லை. ஆனால் ரசிகர் கூட்டம் பாதியாகக் குறைந்ததால்தான் இவர்களால் பிழைத்துக் கிடக்க முடிந்தது என்பது என் கட்சி. அதே சியாட்டில் ராக் குழுவான சவுண்ட்கார்டன் 1997இல் கலைந்தது. இவர்கள் 1998இல் 'யீல்ட்' கொண்டுவந்தார்கள். அயர்ன்ஸ் விலகியதும் சவுண்ட்கார்டனின் டிரம்மர் மேட் கேமரனே இங்கே வந்து உட்கார்ந்தார்.

கணக்குப்பிள்ளை:
உங்கள் கட்சிக்கு ஓட்டுப் போட மாட்டேன். 'ஆஃப் ஹி கோஸ்' ஒன்றுக்காக மட்டும் மன்னிக்கிறேன்.

புதுக்காது:
'இன் மை ட்ரீ' ஹெட்ஃபோனில் கேட்டேன். சரி, 'யீல்ட்' காத்திருக்கட்டும். ஆனால் 'மேன்கைண்ட்' பாடுவது யார்? வெட்டர் குரல் இல்லையே?

தோல்பறை:
கிடார்காரர் ஸ்டோன் கோசார்ட். அதைத் தாராளமாகத் தாண்டுங்கள், நான் எதுவும் சொல்ல மாட்டேன்.