ஹிக்கின்பாதம்: இந்தக் குடும்பப் பெயருக்கு என்ன பொருள்?

மயிலாப்பூர் வாசகர்:
அண்ணா சாலை ஹிக்கின்பாதம்ஸ், 1844இல் அதைத் தொடங்கிய ஏபெல் ஜோஷுவா ஹிக்கின்பாதம் பெயரில் இன்றும் நிற்கிறது. நாட்டிங்ஹாம் போல இதுவும் 'ஹாம்' என்று முடியும் ஊர்ப்பெயரா? பழைய மதராஸ் பதிவேடுகளில் இந்தப் பெயரை எந்தெந்த எழுத்துக்கூட்டலில் தேட வேண்டும்?

சொல்வேர்:
ஊர்ப்பெயர்தான், ஆனால் அதில் 'ஹாம்' கிடையாது. டி-யையும் ஹெச்-ஐயும் பிரித்து 'பாட்-ஹாம்' என்று வெட்டினால் தவறான பொருள்தான் கிடைக்கும். அந்த இரண்டு எழுத்தும் ஒரே ஒலி. 'பாதம்' என்பது இன்றைய 'பாட்டம்' என்ற சொல்லின் பழைய வடிவம். இடப்பெயரில் வந்தால் பள்ளத்தாக்கின் அடி நிலம். ராம்ஸ்பாட்டம், வின்டர்பாட்டம், ரோபாதம் எல்லாம் இந்த வகைதான்.

மூல ஊராகச் சொல்லப்படுவது இங்கிலாந்தின் லங்காஷயரில் போல்டனை ஒட்டிய ஓக்கன்பாட்டம். கேட்டவுடன் ஓக் மரம் நினைவுக்கு வரும். முதலில் இருந்தது அந்த ஓக்தான், சொல் திரிந்த பிறகு மக்கள் அதை 'ஹிகின்' என்று, அதாவது ரோவன் என்ற சிறு ஐரோப்பிய மரத்துக்கு வட்டார வழக்கில் இருந்த பெயர் என்று எடுத்துக்கொண்டார்கள் என்று ஒரு விளக்கம் உண்டு. எனக்கு அதுதான் பொருத்தமாகப் படுகிறது. நம் பனையூர் மாதிரி, மரத்தால் பெயர் பெற்ற பள்ளம்.

அடையாறு:
ஹிக்கின்ஸோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது ரிச்சர்டின் செல்லப் பெயரான 'ஹிக்'கிலிருந்து வந்தது, உறவு இல்லை.

பதிவேடு:
மதராஸ் மாகாணத்தின் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவுகளின் நகல்கள் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில், இந்தியா ஆபீஸ் ஆவணங்களின் என்/2 வரிசையில் இருக்கின்றன. பெயரை அப்படியே அடித்துத் தேடினால் பாதி தப்பிவிடும். ஜி ஒன்றோ இரண்டோ வரும், ஜி இடத்தில் சி-கே வரும், முதல் உயிரெழுத்து ஐ-க்குப் பதில் ஈ ஆகும், முடிவு 'பாட்டம்' ஆகும்.

சௌண்டெக்ஸ் தேடல் (பெயரை ஒலிப்படி முதல் எழுத்தும் மூன்று எண்ணுமாகக் குறியீடாக்கித் தேடும் முறை) இருந்தால் ஹெச்251 போடுங்கள். ஜி, சி, கே மூன்றுக்கும் எண் 2, என்-க்கு 5, பி-க்கு 1. மூன்று எண்ணோடு குறியீடு முடிவதால் பி-க்குப் பின்னால் எப்படி எழுதியிருந்தாலும் அகப்படும். ஆனால் முதல் எழுத்தை அது மாற்றாது. ஹெச்-ஐ விழுங்கி எழுதிய பதிவு ஐ251-இல் கிடக்கும், ஓக்கன்பாட்டம் ஓ251-இல். இரண்டையும் தனியாகத் தேட வேண்டும்.