பெர்சிமன் பழம்: துவர்க்காமல் சாப்பிடவும், சர்க்கரை இல்லாமல் இனிப்பு செய்யவும்

அக்டோபர், நவம்பரில் ஆரஞ்சு நிறத் தக்காளிபோல் கடைக்கு வரும் பெர்சிமன், இமாச்சலத்தின் குல்லுப் பக்கம் நிறைய விளைகிறது. அங்கே ‘ஜப்பானி ஃபல்’, அதாவது ஜப்பான் பழம், என்பார்கள். வாங்கும்போது அடிப்பக்கத்தைப் பாருங்கள். தட்டையாக இருந்தால் பெரும்பாலும் ஃபூயு என்னும் வகை. கெட்டியாக இருக்கும்போதே தோல் சீவி நறுக்கிச் சாப்பிடலாம். கீழே கூம்பி முனை நீண்டிருந்தால் ஹச்சியா. அது தொட்டால் அமுங்கும் அளவுக்குக் கனிய வேண்டும். முன்னாடியே கடித்தால் நாக்கு இழுத்துக்கொள்ளும், அன்றைக்கே அந்தப் பழம் வேண்டாமென்று ஒதுக்கிவிடுவீர்கள்.

---

வடிவத்தை மட்டும் நம்ப வேண்டாம். ஷாரன் என்று இஸ்ரேலிலிருந்து வருவதும் தட்டைதான், ஆனால் இயல்பில் துவர்ப்பு வகை. கரியமில வாயுவில் வைத்துத் துவர்ப்பை நீக்கிய பிறகே விற்கிறார்கள். வகை தெரியாவிட்டால் மெல்லிய கீற்று ஒன்றை நாக்கில் வைத்துப் பாருங்கள்.

துவர்த்தால், நன்கு பழுத்த வாழைப்பழம் ஒன்றோடு காகிதப் பையில் போட்டு வெளியிலேயே வையுங்கள். பழத்தின் கெட்டித்தன்மையைப் பொறுத்து மூன்று நாளும் ஆகலாம், ஒரு வாரமும் ஆகலாம். துவர்ப்புக்குக் காரணம் சதையில் கரைந்திருக்கும் டானின். கனியக் கனிய அது கரையாத நிலைக்கு மாறிவிடும். பிறகு நாக்குக்குத் தெரியாது. அவசரமென்றால் முழுப் பழத்தையும் ஒரு நாள் ஃப்ரீசரில் வைத்து இளக விடலாம். துவர்ப்பு குறையும், சதை கூழாகிவிடும். கெட்டியான ஃபூயுவை ஃப்ரிட்ஜில் நாள்கணக்கில் வைக்காதீர்கள். குளிர் தாங்காமல் உள்ளே கொழகொழத்துப் போகும்.

---

கூழாகக் கனிந்த பழத்துக்குப் புட்டிங்கைவிட நல்ல வழி எனக்குத் தெரிந்து இல்லை. தோலும் விதையும் நீக்கிய சதை 200 கிராம், காய்ச்சி நன்றாக ஆறவைத்த பசும்பால் 100 மில்லி, ஏலக்காய்த்தூள் ஒரு சிட்டிகை. மிக்ஸியில் அரை நிமிடம் அடித்து உடனே கிண்ணங்களில் ஊற்றி ஃப்ரிட்ஜில் வையுங்கள். ஒன்றிரண்டு மணி நேரத்தில் புட்டிங்காக உறைந்துவிடும். ஜெலட்டினும் வேண்டாம், கடல்பாசியும் வேண்டாம்: பழத்தின் பெக்டின் என்னும் நார்ப்பொருளும் பாலின் கால்சியமும் சேர்ந்தே இறுகுகின்றன. அதனால்தான் தேங்காய்ப்பாலில் உறையாது. பாலைக் கூட்டினாலும் தளர்ந்துவிடும். கெட்டிப் பழத்தில் சரியாக வராது. கலவையைச் சூடாக்கவே கூடாது. சூட்டில் டானின் மறுபடி கரைந்து, போன துவர்ப்பு திரும்பி வரும். கேசரி, அல்வா கிண்டுகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

---

சர்க்கரை சேர்க்காவிட்டாலும் இது இனிப்புதான். நடுத்தர அளவுப் பழம் ஒன்றில் சுமார் 20 கிராம் சர்க்கரை, 6 கிராம் நார்ச்சத்து. நீரிழிவு இருப்பவர்கள் பாதிப் பழத்தோடு நிறுத்தி, மற்ற மாவுச்சத்தை அந்த வேளையில் குறைத்துக்கொள்வது நல்லது. துவர்ப்புள்ள காயை வெறும் வயிற்றில் நிறையத் தின்னக் கூடாது. டானின் இரைப்பையின் அமிலத்தோடு சேர்ந்து கட்டியாகத் திரண்டுவிடும். இரைப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டே தொடுங்கள்.