ஆர்எக்ஸ் 580: கேம் நடுவில் திரை கறுக்குது, ஓவர்கிளாக் செய்தால் ஸ்கோர் குறையுது. உதவி தேவை

தெஹிவளை கேமர்

வணக்கம் அண்ணாமார். பாவித்த ஏஎம்டி ஆர்எக்ஸ் 580 8 ஜிபி கிராஃபிக்ஸ் கார்ட் ஒன்று போட்டிருக்கிறேன். மற்றப் பாகங்கள்: ஐ5 10400எஃப், 8 ஜிபி ராம் இரண்டு, கேஸிங்கோடு வந்த 500 வாட் பவர் சப்ளை, 1080பி 75 ஹெர்ட்ஸ் மொனிட்டர். அறையில் ஏசி இல்லை, பின்னேரம் 31 பாகை வரும்.

பிரச்சினை இரண்டு. ஒன்று, கேம் விளையாடத் தொடங்கி அரை மணித்தியாலத்துக்குப் பிறகு திரை கறுத்து, கார்டின் ஃபேன் முழு வேகத்தில் கத்துது. பவர் பட்டனை அமர்த்திப் பிடித்து நிறுத்தினால்தான் சரி. ஒன்றையும் மாற்றாமல் ஸ்டொக்கில் விட்டாலும் இது வருது. மற்றது, ஓவர்கிளாக் செய்ய (வேகத்தைக் கூட்ட) அட்ரினலினில் (ஏஎம்டியின் டிரைவர் மென்பொருள்) கோர் 1430, மெமரி 2150 மெகாஹெர்ட்ஸ் வைத்து சூப்பர்பொசிஷன் என்ற கிராஃபிக்ஸ் சோதனையை ஓட்டினேன். ஸ்டொக்கை விட ஸ்கோர் குறைவு. திரையில் புள்ளி, கோடு ஒன்றும் இல்லை. கார்ட் போய்விட்டதா?

வெள்ளவத்தை வன்பொருள்

தம்பி, ஸ்டொக்கிலேயே விழுகிற கார்டை ஓவர்கிளாக் செய்து ஒன்றும் அறிய ஏலாது. முதலில் அட்ரினலினில் டியூனிங்கை டிஃபோல்ட்டுக்குக் கொண்டுபோங்கோ. ஆஃப்டர்பர்னரும் (இன்னொரு ஓவர்கிளாக் மென்பொருள்) இருந்தால் இரண்டில் ஒன்றை நீக்குங்கோ. இரண்டும் ஒரே கார்டுக்குக் கட்டளை குடுத்தால் எது பிடிச்சது எண்டு தெரியாது.

கறுத்த திரையோடு ஃபேன் முழு வேகம் எண்டால், கார்ட் டிரைவரோடு தொடர்பை இழந்திட்டுது எண்டு அர்த்தம். கார்டுக்கு வாற 12 வோல்ட் ஒரு கணம் விழுந்தாலும் அப்படி வரும், மெமரி பிழைச்சாலும் வரும், மின்னழுத்தச் சுற்று மிஞ்சிச் சூடானாலும் வரும். கோர் மட்டும் தடுமாறினால் பெரும்பாலும் திரை ஒரு செக்கன் உறைந்து, டிரைவர் மீண்டு டெஸ்க்டொப்புக்கு வரும். விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் (நிகழ்வுப் பதிவேடு) 4101 எண்டு பதிவாகும். உங்களுக்கு அப்படி மீளவில்லை, அதனால் நான் முதலில் சந்தேகப்படுறது கரண்டை.

இவ்வளவும் பார்த்து எழுதுங்கோ. ஜிபியு-இசட்டில் (கார்டின் விபரம் காட்டுற மென்பொருள்) ஷேடர் (சிப்புக்குள்ள கணக்குப் பண்ணுற அலகு) எண்ணிக்கை எவ்வளவு? உண்மையான 580க்கு 2304. 2048 எண்டு காட்டினால் அது 580 எண்ட பேரில் வித்த 570 தர சிப். அதே பக்கத்தில் மெமரி உற்பத்தியாளர், டிஃபோல்ட் கிளாக். பஸ் இன்டர்ஃபேஸுக்குப் பக்கத்தில் இருக்கிற கேள்விக்குறியை அழுத்தி ரெண்டர் டெஸ்ட் ஓடவிட்டு, கார்டுக்கும் போர்டுக்கும் இடையில் 16 லேன் (தரவுப் பாதை) காட்டுதா எண்டும் பாருங்கோ. பிறகு எச்டபிள்யூ-இன்ஃபோவை (சென்சர் அளவுகளைக் காட்டிப் பதியிற மென்பொருள்) திறந்து பதிவை ஒரு செக்கனுக்கு ஒருக்கா வைத்து, ஹெவன் பெஞ்ச்மார்க்கை அரை மணித்தியாலம் ஓடவிடுங்கோ. அது நிறுத்தும் வரை சுத்திக்கொண்டே இருக்கும். ஃபர்மார்க் எண்ட சுமைச் சோதனை வேண்டாம். அது பவர் லிமிட்டில் முட்டிக் கிளாக்கைக் கீழே இழுத்துவிடும், அதால் உறுதித்தன்மையைப் பார்க்க அது உதவாது.

முக்கியமானது: பவர் சப்ளையின் ஸ்டிக்கரில் 12 வோல்ட் வரியில் எத்தனை ஆம்பியர்? கார்டுக்குக் கரண்ட் குடுக்கிற 8 பின் பிளக் எங்கேயிருந்து வருது?

தெஹிவளை கேமர்

நன்றி அண்ணா. ஷேடர் 2304. மெமரி மைக்ரோன். டிஃபோல்ட் 1366, 2000. லேன் 16. ஸ்டொக்கில் வெப்பநிலை 86 பாகை வரை போகுது, கோர் 1366 இல் நிற்காமல் 1220க்கும் 1290க்கும் இடையில் ஆடுது. எச்டபிள்யூ-இன்ஃபோவில் "ஜிபியு மெமரி எரர்ஸ்" என்று ஒரு வரி இருக்கு. ஸ்டொக்கில் அது 0. மெமரியை 2150க்கு ஏற்றினால் ஆயிரக்கணக்கில் ஏறுது.

பவர் சப்ளையில் 12 வோல்ட் 28 ஆம்பியர் என்று போட்டிருக்கு. அதில் 8 பின் இல்லை. கார்டோடு தந்த வயரில் இரண்டு சாட்டா பிளக் (ஹார்ட் டிஸ்க்குக்குக் கரண்ட் கொடுப்பது), மறுபக்கம் 8 பின். அதைத்தான் போட்டிருக்கிறேன். இரண்டு பிளக்கும் ஒரே கேபிளில்.

வெள்ளவத்தை வன்பொருள்

இதை வாசிச்ச உடனே கணினியை நிறுத்துங்கோ. அந்த வயரைக் கழட்டி, சாட்டா பிளக்கின் பிளாஸ்டிக்கில் மஞ்சள் நிறமோ உருகின தடமோ இருக்கா எண்டு பாருங்கோ. கருகல் மணம் வந்தாலும் சொல்லுங்கோ.

கணக்கு இதுதான். சாட்டா பவர் பிளக்கில் 12 வோல்ட்டுக்கு மூன்று பின், ஒரு பின்னுக்கு 1.5 ஆம்பியர். மொத்தம் 4.5 ஆம்பியர், அதாவது 54 வாட். 8 பின் ஒன்று கார்டுக்கு 150 வாட் வரை குடுக்கிறதுக்காகச் செய்யப்பட்டது. இரண்டு பிளக் சேர்ந்தாலே 108 வாட்தான், அதுவும் உங்களுடையது ஒரே கேபிளில் தொங்குது, முழுச் சுமையும் ஒரே மெல்லிய வயர்களுக்குள்ளால போகுது. ஆர்எக்ஸ் 580இன் முழு இழுவை 185 வாட் அளவில், கொஞ்சம் போர்டின் ஸ்லொட்டாலும் மிச்சம் 8 பின்னாலும் வரும். கேம் ஓட ஓட வயரும் பின்னும் சூடாகும், தடை கூடும், கார்டுக்கு வாற வோல்டேஜ் இறங்கும். அரை மணித்தியாலம் கழிச்சுக் கறுக்கிறதின் காரணம் இந்த மெதுவான சூடுதான் எண்டு நினைக்கிறன்.

பவர் சப்ளையும் 28 ஆம்பியர் எண்டால் 12 வோல்ட்டில் 336 வாட்தான், ஸ்டிக்கரில் 500 எண்டு இருந்தாலும். கார்ட் 185, ப்ரொசசர் கேமில் 70 முதல் 90, போர்டும் ஃபேனும் டிஸ்க்கும் 40. மொத்தம் 295 முதல் 315. அதுக்கு மேல் கண நேர உச்சங்கள் வேற. மாத்துறது எண்டால் 550 வாட், 12 வோல்ட்டில் 40 ஆம்பியருக்குக் குறையாதது, சொந்தக் கேபிளில் 6+2 பின் வாறது. யூனிட்டி பிளாசா கணினிக் கடைகள் பக்கம் போனால் பெட்டியின் முன்பக்க எண்ணைப் பார்த்து வாங்காதேங்கோ. பின்பக்க அட்டவணையில் 12 வோல்ட் வரியைக் காட்டச் சொல்லுங்கோ. சுவர் பிளக்கும் எர்த் உள்ள 13 ஆம்பியர் சொக்கெட்டா இருக்கட்டும். எர்த் இல்லாத மல்டிபிளக்கில் கேஸிங் தொட்டால் மெல்லிசாக் கரண்ட் அடிக்கும்.

புதுசு வரும்வரை கணினியைப் போடாதேங்கோ. 

கொட்டாஞ்சேனை ஓசி

கரண்ட் விஷயத்தில் மேலே சொன்னதுக்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை. அந்த வயரை வேறொருவருக்கும் கொடுக்க வேண்டாம், வெட்டிப் போடுங்க. ஸ்கோர் ஏன் குறைந்தது என்பதற்கு வருகிறேன். இது தனிப் பிரச்சினை, பவர் சப்ளை மாற்றினாலும் போகாது.

580இல் உள்ள ஜிடிடிஆர்5 மெமரிக்கும் சிப்புக்கும் இடையில் தரவு போகும்போது பிழை கண்டுபிடிக்கும் வசதி இருக்கு. பிழை வந்தால் அதே தரவைத் திரும்ப அனுப்பும். அதனால்தான் திரையில் புள்ளி வரவில்லை. ஆனால் திரும்ப அனுப்ப நேரம் போகுது, ஸ்கோர் விழுது. நீங்கள் பார்த்த "மெமரி எரர்ஸ்" வரி அந்தத் திருத்தங்களின் எண்ணிக்கைதான். போலாரிஸ் (580இன் சிப் குடும்பம்) கார்டுகளில் இந்த எண் வெளியில் தெரிவது பெரிய உதவி. கண்ணுக்குப் பிழை தெரியவில்லை என்பதை வைத்து மெமரி சரி என்று ஒருபோதும் முடிவெடுக்க வேண்டாம்.

இன்னொன்று, மெமரி டைமிங் (ஒவ்வொரு வேலைக்கும் மெமரி காத்திருக்கும் அளவு) கார்டின் பயோஸுக்குள் அதிர்வெண் வாரியாகத் தொகுதி தொகுதியாக எழுதப்பட்டிருக்கும். பல பயோஸ்களில் 2000 வரை ஒரு தொகுதி, அதைத் தாண்டினால் அடுத்தது, அது தளர்ந்தது. ஆகவே 2010 வைத்தால் 2000ஐ விட மெதுவாகக்கூட ஓடலாம். 2000இலேயே விட்டு, அட்ரினலினில் மெமரி டைமிங்கை "லெவல் 1" ஆக்கிப் பார்ப்பது பல கார்டுகளில் கூடுதல் பலன் தரும்.

அட்ரினலினில் மெமரிக்குப் பக்கத்தில் இருக்கும் வோல்டேஜ் பெட்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது மெமரி சிப்புகளின் வோல்டேஜ் அல்ல. போலாரிஸில் அது கோர் வோல்டேஜுக்குப் போடும் அடித்தளம். அங்கே 1100 இருந்தால், கோர் பக்கத்தில் 1050 எழுதினாலும் கார்ட் 1100க்குக் கீழே இறங்காது. அண்டர்வோல்ட் (வோல்டேஜைக் குறைத்தல்) வேலை செய்யவில்லை என்று சொல்லும் பலருக்குக் காரணம் இந்தப் பெட்டிதான்.

இனிக் கோர். 1366இலிருந்து 1430 என்பது 5 சதவீதத்துக்கும் குறைவு. உங்கள் கார்டோ சூட்டிலும் பவர் லிமிட்டிலும் முட்டி 1220 வரை இறங்குது. 1430 கேட்டால் அதற்கு இன்னும் வோல்டேஜ் வேண்டும், இன்னும் சூடு, இன்னும் இறக்கம். வெளிநாட்டு ரிவியூக்கள் பெரும்பாலும் குளிர்ந்த அறையில் எடுக்கப்பட்டவை. அறை 9 பாகை கூடினால் கார்டும் கிட்டத்தட்ட அதே 9 பாகை கூடும். கொழும்பில் ஏசி இல்லாத அறையில் 580க்கு ஓவர்கிளாக் என்றால் அண்டர்வோல்ட்தான். 1366ஐ ஆடாமல் பிடித்து வைத்தாலே இப்போது கிடைப்பதை விட 7 முதல் 10 சதவீதம் கூட.

ஜிபியு-இசட் காட்டும் வாட் எண்ணை வைத்துக் கணக்குப் போட வேண்டாம். 580இல் அது சிப்பின் இழுவை மட்டும், மெமரியும் மின்னழுத்தச் சுற்றின் இழப்பும் அதில் இல்லை. 120 என்று காட்டினால் கார்ட் முழுவதும் அதை விட நன்றாகக் கூட இழுக்கும்.

வெள்ளவத்தை வன்பொருள்

86 பாகைக்கு ஒரு சின்னச் சோதனை. கேஸிங்கின் பக்கக் கதவைக் கழட்டி வைத்து ஹெவனைத் திருப்பி ஓட்டுங்கோ. 6, 7 பாகை இறங்கினால் குற்றம் கேஸிங் காத்தோட்டத்தில். 1, 2 தான் எண்டால் கார்டின் சிப்புக்கும் ஹீட்சிங்குக்கும் இடையில் பூசின தேர்மல் பேஸ்ட் காய்ஞ்சிருக்கு.

பேஸ்ட் மாத்துறது எண்டால், பின்பக்கம் சிப்பைச் சுத்தி இருக்கிற நாலு ஸ்பிரிங் ஆணியைக் குறுக்காக் கொஞ்சம் கொஞ்சமாத் தளர்த்துங்கோ. ஹீட்சிங்கை இழுத்துப் பறிக்காமல் மெதுவாத் திருகிக் கழட்டுங்கோ. ஃபேன் வயர் உள்ளே பிடிச்சிருக்கும், அது அறுந்தால் வேலை இரட்டிப்பு. பழையதை 99 சதவீத ஐசோப்ரொபைல் அல்கஹோலால் துடையுங்கோ. மெமரிக்கு மேலே உள்ள தேர்மல் பேட் கிழிஞ்சால் அதே தடிப்பில்தான் புதுசு போடவேணும். அரை மில்லிமீற்றர் தடிப்புக் கூடினாலும் ஹீட்சிங் சிப்பில் சரியா இருக்காது, பேஸ்ட் எவ்வளவு நல்லதெண்டாலும் சூடு இறங்காது.

கடற்கரைப் பக்கம் உப்புக் காத்து இருக்கிறபடியால் ஸ்லொட்டுக்குள்ள போற கார்டின் தங்கப் பற்களையும் அதே அல்கஹோலால் துடைச்சு, நல்லாக் காய விட்டுப் போடுங்கோ.

தெஹிவளை கேமர்

பவர் சப்ளை மாற்றியாச்சு: 550 வாட், 12 வோல்ட் 45 ஆம்பியர், சொந்த 8 பின். பழைய வயரில் ஒரு சாட்டா பிளக்கின் ஓரம் பழுப்பாகி இருந்தது. பேஸ்டும் மாற்றினேன், கதவைத் திறந்தபோது 2 பாகைதான் இறங்கியது. இப்போது ஸ்டொக்கில் 79 பாகை, திரை கறுக்கவில்லை. அண்டர்வோல்ட்டை எப்படித் தொடங்குவது? இப்போது 1366க்கு 1150 மில்லிவோல்ட் என்று காட்டுது.

கொட்டாஞ்சேனை ஓசி

பழுப்பு நிறமே பதில். நல்ல வேளை.

டியூனிங்கில் மெனுவல் போங்க, ஜிபியு பகுதியில் நிலை வாரியான கட்டுப்பாட்டைத் திறங்க. மெமரி வோல்டேஜ் பெட்டியை முதலில் 950க்கு இறக்குங்க. பிறகு கடைசி நிலை, 1366 உள்ளது, 1150இலிருந்து 1125. முந்தைய நிலையின் வோல்டேஜ் அதை விடக் கூட இருந்தால் அதையும் சேர்த்து இறக்க வேண்டும், இல்லாவிட்டால் வரிசை குழம்பும். ஹெவன் பத்து நிமிஷம். சரி என்றால் இன்னும் 25. உறைதல், முக்கோணத் துண்டுகள் மின்னுதல், டிரைவர் மீளுதல், இவற்றில் ஒன்று வந்ததும் 25 ஏற்றி, அதற்கு மேல் 10 மில்லிவோல்ட் இடைவெளி விடுங்க. பல 580கள் 1366இல் 1050க்கும் 1100க்கும் இடையில் நிற்கும். 1000க்கு ஆசைப்பட வேண்டாம். பெஞ்ச்மார்க்கில் நின்று, பாரமான கேமில் விழும் எல்லை அது.

கோர் முடியும்வரை மெமரியைத் தொடாதீங்க. இரண்டையும் சேர்த்து மாற்றினால் விழுந்தது எது என்று பிரிக்க முடியாது. கோர் முடிந்த பிறகு டைமிங் லெவல் 1, மெமரி எரர்ஸ் 0 என்பதை அரை மணித்தியாலம் பாருங்க. ஒற்றை எண் வந்தாலும் திருப்பி டிஃபோல்ட்.

ஃபேனுக்கு: ஸீரோ ஆர்பிஎம்மை (சூடு குறைவாக இருக்கும்போது ஃபேன் சுற்றாமல் வைக்கும் வசதி) நிறுத்துங்க, நம் அறை வெப்பத்தில் அது சும்மா இருக்கும்போதே கார்டை 55க்கு ஏற்றும். 60 பாகைக்கு 45 சதவீதம், 70க்கு 60, 78க்கு 80. மொனிட்டர் 75 ஹெர்ட்ஸ் என்பதால் கேமுக்குள் ஃப்ரேம் எல்லையை 75இல் வையுங்க. அதற்கு மேல் வரையும் ஃப்ரேம் எல்லாம் திரையில் தெரியாத சூடு.

தெஹிவளை கேமர்

1366 இப்போது 1075 மில்லிவோல்ட்டில் நிற்குது. ஹெவன் அரை மணித்தியாலம், 71 பாகை, கிளாக் ஆடவில்லை. லெவல் 1இல் எரர் 0, சூப்பர்பொசிஷன் ஸ்கோர் முதல் ஸ்டொக்கை விட 9 சதவீதம் கூட. ஆனால் நேற்றுக் கரண்ட் போய் வந்த பிறகு எல்லாம் பழைய 1150க்கே திரும்பிவிட்டது. கார்டில் ஏதும் பிழையா?

வெள்ளவத்தை வன்பொருள்

பிழை இல்லை. கணினி ஒழுங்கா நிறுத்தப்படாமல் போனால் அட்ரினலின் அதை டியூனிங் தோல்வி எண்டு எடுத்து டிஃபோல்ட்டுக்கு மாத்தும். டியூனிங் பக்கத்தின் மேலே புரொஃபைலை ஃபைலாகச் சேமிக்கிற பட்டன் இருக்கு. சேமிச்சு வைத்து, கரண்ட் போய் வந்தால் அதை ஏத்துங்கோ. டிரைவர் புதுப்பிச்சாலும் இதே வேலைதான். மின்வெட்டு அடிக்கடி எண்டால் 650 விஏ யுபிஎஸ் ஒன்று ஒழுங்கா ஷட்டவுன் செய்யக் காணும், ஆனால் கேம் ஓடுற நேரம் கரண்ட் போனால் அது கன நேரம் தாங்காது, உடனே கேமை மூடுங்கோ.